உயிர்களின் உடலமைப்பைக் கண்டு படிப்பது எப்படி: பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் ஒரு பயிற்சி

ஒட்டகத்துக்குத் திமில், கள்ளிக்கு முள், வாத்துக்கு விரலிடைச் சவ்வு என்று தகவமைப்புகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்துதான் நம்மில் பெரும்பாலோர் பள்ளியைக் கடந்து வந்திருக்கிறோம். தேர்வு முடிந்த மறுவாரமே அந்தப் பட்டியல் மறந்துபோகும். உறுப்பை முதலில் காட்டி, அதன் பயனைப் பின்னால் ஒட்டவைத்துச் சொல்லிக் கொடுத்ததே அதற்குக் காரணம் என்பது என் எண்ணம். ஓர் உயிர் வாழும் இடம் அதற்கு என்னென்ன தொல்லைகளைத் தருகிறது என்பதை முதலில் கண்டறிந்து, அந்தத் தொல்லையை அது எந்த உறுப்பால் சமாளிக்கிறது என்று பிறகு தேடி, அந்த உறுப்பு வேலை செய்யும் காட்சியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டால், கற்றது வாழ்நாள் முழுவதும் நிற்கும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் செல்கிறது. மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களையும், பிள்ளைகளோடு ஒரு நாளைப் பயனுள்ளதாகக் கழிக்க விரும்பும் பெற்றோரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பயிற்சிக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் செல்லும் சாலையின் முடிவில், வெள்ளாற்றின் கழிமுகத்துக்கும் கொள்ளிடத்தின் கழிமுகத்துக்கும் இடையே, 1,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் விரிந்து கிடக்கும் இந்த அலையாத்திக் காடு 2022-ஆம் ஆண்டு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மழைக்காட்டிலும் மலைச்சோலையிலும் தகவமைப்புகள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அலையாத்திக் காட்டிலோ, படகில் உட்கார்ந்த நிலையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் அவை தெரிகின்றன. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடசாலை தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய நாள்

பயணத்தை வீட்டுச் சமையலறையிலேயே தொடங்குங்கள். ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள். கடல்நீரின் உப்பு அளவு ஏறக்குறைய இதுதான். இரண்டு கிண்ணங்களை எடுத்து, ஒன்றில் இந்த உப்பு நீரையும் மற்றொன்றில் குடிநீரையும் ஊற்றி, மெல்லிய வட்டமாக நறுக்கிய வெள்ளரித் துண்டுகளை இரண்டிலும் போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். குடிநீரில் கிடந்த துண்டு விறைப்பாக இருக்கும். உப்பு நீரில் கிடந்த துண்டு துவண்டு, விரலால் மடித்தால் மடங்கும். தண்ணீருக்குள் கிடந்தபோதே தண்ணீரை இழந்துவிட்ட அந்தத் துண்டைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேரம் இருந்தால், ஈரத்துணியில் வெந்தயத்தை முளைகட்டும்போது, ஒரு பிடியைக் குடிநீரிலும் இன்னொரு பிடியை அதே உப்பு நீரிலும் நனைத்து வையுங்கள். முதல் பிடி ஓரிரு நாளில் முளைவிடும், இரண்டாவது அப்படியே கிடக்கும்.

இந்தச் சிறு சோதனையைச் செய்துவிட்டு வந்த பிள்ளைக்கும் செய்யாமல் வந்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைப் படகில் ஏறிய பத்தாவது நிமிடத்திலேயே காணலாம். உப்பு நீரில் பச்சைப்பசேலென்று நிற்கும் காட்டைப் பார்த்ததும், முதல் பிள்ளை “எப்படி?” என்று கேட்கும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று, இருநோக்கி ஒன்று, கோடு போடாத நோட்டு, பென்சில், கொஞ்சம் நூல், குடிநீர், தொப்பி ஆகியவை போதும். பேனா வேண்டாம், ஈரக்கையில் மை பரவும். நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் தேவை. இந்தக் கரையில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு கூடுதலாக இருக்கும். நீர் வற்றும் நேரத்தில் போனால் வேர்களும் சேறும் வெளியே தெரியும். ஏறும் நேரத்தில் போனால் அழகான காட்டைத்தான் பார்க்க முடியும், அதன் உடலைப் பார்க்க முடியாது. வற்றம் எத்தனை மணிக்கு என்று அங்குள்ள படகோட்டிகளிடமோ மீனவர்களிடமோ முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த அட்டவணையையும்விட அவர்கள் சொல்லும் நேரம் அந்த வாய்க்கால்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

முதலில் தொல்லைகளை எழுதுங்கள்

படகு புறப்பட்டதும் எந்த மரத்தின் பெயரையும் சொல்லாதீர்கள். நோட்டின் முதல் பக்கத்தில், இந்த இடத்தில் ஒரு செடியோ பூச்சியோ மீனோ வாழ வேண்டுமானால் அதற்கு என்னென்ன இடையூறுகள் வரும் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஐந்து விடைகள் வரும். நீர் உப்பாக இருக்கிறது. சேறு காலை ஊன்ற விடாமல் உள்வாங்குகிறது. சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. காற்று புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் நாற்றம் அது, அதாவது வேருக்கு மூச்சு இல்லை என்பதற்கான அடையாளம். நீர் ஏறி இறங்குவதால் விதை விழுந்த இடத்தில் நிலைக்காது. நீர் வற்றிய வேளையில் வெயில் சேற்றின் மேல்பரப்பைச் சுடுகிறது. இந்த ஐந்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம் விட்டுவையுங்கள். மீதி நாள் முழுவதும் அந்த வெற்றிடங்களை நிரப்புவதுதான் வேலை.

மூன்று மரங்களும் மூன்று வழிகளும்

இங்கே அதிகமாகத் தென்படும் மரம் வெண்கண்டல். இலையின் மேற்புறம் பளபளப்பான பச்சை, அடிப்புறம் சாம்பல் பூசியதுபோன்ற வெண்மை. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான குச்சிகள் விரல் பருமனில், ஒரு சாண் உயரத்துக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். வாய்க்காலின் ஓரங்களில் வளைந்து வளைந்து நீருக்குள் இறங்கும் முட்டு வேர்களோடு நிற்பது சுரபுன்னை. அதன் இலை தடிப்பாக, நுனியில் ஊசிபோல் ஒரு முனையோடு இருக்கும். அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். மூன்றாவது, சிதம்பரத்துக்குத் தன் பெயரையே தந்த தில்லை மரம். இதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் உண்டாகும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும்.

ஆகவே இலையைத் தொடுவதற்கு முன் கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. வெண்கண்டலிலும் சுரபுன்னையிலும் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். தில்லையில் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி அமைந்திருக்கும். மாறி மாறி இருக்கும் இலையை எவரும் தொடவும் கிள்ளவும் கூடாது. இலையை நாக்கில் வைத்து உப்புச் சுவை பார்க்கச் சொல்லும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பெரியவர் ஒருவர் அடையாளம் உறுதி செய்திருந்தாலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். லென்ஸ் இருக்கும்போது நாக்கு தேவையில்லை.

இப்போது பட்டியலின் முதல் தொல்லையான உப்புக்கு வாருங்கள். கரையோரத்தில் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும் ஒரு வெண்கண்டல் கிளையில் முதிர்ந்த இலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காம்பில் தளர்வாக நூலைக் கட்டுங்கள். இலையைப் பறிக்காமலேயே அதன் மேற்பரப்பை லென்ஸால் பாருங்கள். மழை இல்லாத நாளாக இருந்தால், பொடிக் கண்ணாடித் துகள்போல் மின்னும் படிகங்கள் தெரியும். அவை உப்பு. இலையில் உள்ள நுண்ணிய சுரப்பிகள் உப்புக் கரைசலை வெளியேற்ற, நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்குகிறது. நனைத்த பஞ்சால் அந்த இலையை நன்றாகத் துடைத்துவிட்டுப் படகில் ஏறிப் போய், திரும்பி வந்து மீண்டும் பாருங்கள். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் படிகங்கள் திரும்பவும் முளைக்கத் தொடங்கியிருக்கும். உப்பு கடல்காற்றில் வந்து ஒட்டியதா, இலையே வெளியேற்றியதா என்ற ஐயம் எழுந்தால், பக்கத்தில் நிற்கும் வேறு வகை மரத்தின் இலை ஒன்றையும் அதே போலத் துடைத்து வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பிள்ளை பாதி அறிவியலாளர் ஆகிவிட்டது.

சுரபுன்னை இலையில் இப்படிப் படிகங்கள் காணப்படுவதில்லை. அப்படியானால் அதற்கு உப்புத் தொல்லை இல்லையா? இருக்கிறது. அது உப்பை வீட்டுக்குள் விட்டுப் பிறகு பெருக்கித் தள்ளுவதில்லை, வாசலிலேயே தடுத்துவிடுகிறது. வேரில் உள்ள செல் அடுக்குகள் வடிகட்டிபோல் வேலை செய்து, நீரை விட்டு உப்பின் மிகப் பெரும்பகுதியை வெளியே நிறுத்துகின்றன. வெண்கண்டலும் வேரில் வடிகட்டுகிறது என்றாலும் அந்த வடிகட்டி அவ்வளவு இறுக்கமானதில்லை. ஷோலாண்டர் என்ற உடலியல் அறிஞர் 1960-களில் அலையாத்தி மரங்களின் சாற்றை அளந்தபோது, இலைவழி உப்பைக் கக்கும் மரங்களின் சாற்றில் இருந்த உப்பு, வேரிலேயே தடுக்கும் மரங்களில் இருந்ததைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு என்று கண்டார். வெள்ளரித் துண்டை நினைவூட்ட வேண்டிய இடம் இதுதான். கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்தை வெல்ல வேண்டும். வெள்ளரித் துண்டால் அது முடியவில்லை. சுரபுன்னையோ, வெயில் இலைகளிலிருந்து நீரை ஆவியாக்கும்போது தண்டின் நுண்குழாய்களில் உண்டாகும் இழுவிசையைக் கொண்டே அதைச் செய்கிறது. எந்த இயந்திரமும் இல்லாமல், ஓசையும் இல்லாமல், ஒவ்வொரு மரமும் நாள் முழுவதும் கடல்நீரைக் குடிநீராக்கிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

அடுத்தது மூச்சு. வெண்கண்டலைச் சுற்றிக் குத்திட்டு நிற்கும் குச்சிகள் முளைத்துவரும் கன்றுகள் என்று பலரும் நினைக்கிறார்கள். அவை சுவாச வேர்கள். மரத்தடியிலிருந்து சேற்றுக்குள் கிடையாக ஓடும் வேரிலிருந்து மேல்நோக்கி வளர்ந்தவை. படகின் விளிம்பிலிருந்து ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். மேற்பரப்பில் சொரசொரப்பான சிறு புள்ளிகள் இருக்கும். அவை பட்டைத்துளைகள், காற்று அவற்றின் வழியே நுழைந்து, வேருக்குள் இருக்கும் பஞ்சுபோன்ற காற்றறைத் திசுவின் ஊடாகச் சேற்றுக்கு அடியில் இருக்கும் பகுதி வரை போய்ச் சேர்கிறது. ஓதம் ஏறி நீர் குச்சிகளை மூடும்போது வேர் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது, உள்ளழுத்தம் குறைகிறது. நீர் வற்றித் துளைகள் வெளிப்பட்டதும் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஆக இந்த மரம் ஒரு நாளில் இருமுறை ஆழ்ந்து மூச்சிழுக்கிறது என்றே சொல்லலாம்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. மேலே சொன்ன ஷோலாண்டரும் அவருடைய குழுவினரும் சுரபுன்னை இனத்தின் முட்டு வேர்களில் உள்ள துளைகளைப் பசைபோன்ற கொழுப்பால் அடைத்துப் பார்த்து 1955-இல் முடிவை வெளியிட்டார்கள். துளைகள் அடைபட்டதும் சேற்றுக்குள் இருந்த வேர்ப்பகுதியில் ஆக்சிஜன் அளவு வெகுவாகக் குறைந்தது. ஓர் உறுப்பின் பயன் இன்னது என்று எப்படி உறுதி செய்வது என்று மாணவர் கேட்டால், இந்தச் சோதனையை எடுத்துச் சொல்லுங்கள். உறுப்பின் வேலையைத் தடுத்துப் பார், என்ன கெடுகிறது என்று கவனி, அதுவே விடை. நாம் பிச்சாவரத்தில் எந்த வேரையும் அடைக்கப் போவதில்லை. ஆனால் எண்ணெய்க் கசிவோ, அடர்ந்த வண்டலோ இந்தத் துளைகளை மூடிவிட்டால் மரம் ஏன் மூச்சுத் திணறிச் சாகிறது என்பது இப்போது சொல்லாமலே விளங்கும். கரையில் நடக்கும்போது அந்தக் குச்சிகளை மிதிக்கக் கூடாது என்பதும் அப்படியே.

சுரபுன்னையின் முட்டு வேர்கள் இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்கின்றன. சேற்றில் மரம் சாயாமல் பல திசைகளிலும் கால் ஊன்றுகின்றன. நீர்மட்டத்துக்கு மேல் இருக்கும் பகுதியின் துளைகளால் மூச்சும் விடுகின்றன. ஒரு தொல்லைக்கு ஓர் உறுப்பு என்று கோடு போட்டு இணைக்கும் பாடநூல் பயிற்சிகள் இங்கே உடைந்துபோவதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

நிலைக்காத விதை என்ற தொல்லைக்கு விடை தேட, சுரபுன்னைக் கிளைகளை அண்ணாந்து பாருங்கள். முருங்கைக்காய்போல் ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை நீண்ட பச்சைக் காய்கள் தொங்கினால், அவை காய்கள் அல்ல, கன்றுகள். விதை மரத்திலேயே, கனிக்குள் இருக்கும்போதே முளைத்து, தாய்மரத்திடம் உணவு பெற்று வளர்ந்து, பிறகுதான் விழுகிறது. நீர் வற்றிய வேளையில் விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கவும் கூடும். ஆனால் ஈட்டிபோல் பாய்ந்து நட்டுக்கொள்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நீரில் விழுபவை மிதந்து சென்று, நாட்கணக்கில், சில வாரக்கணக்கில்கூட உயிரோடு இருந்து, நீர் வற்றிய ஓரிடத்தில் ஒதுங்கி வேர்விடுகின்றன. மிதந்து வரும் ஒன்றைக் கண்டால் எடுத்துப் பார்த்துவிட்டு அதே நீரில் விட்டுவிடுங்கள். வெண்கண்டலின் கனி சிறியது, தட்டையானது. அதற்குள்ளும் விதை முளைத்துத்தான் இருக்கும், ஆனால் தோலைக் கிழித்து வெளியே நீளாது. நீரில் விழுந்து தோல் கழன்ற பிறகே முளை தெரியும். ஒரே தொல்லைக்கு இரு மரங்கள் இரு அளவில் கண்ட தீர்வு இது.

சேற்றின் மேல் அரை மணி நேரம்

மரங்கள் நமக்காகக் காத்திருக்கும். விலங்குகள் அப்படியல்ல. நீர் வற்றிய ஒரு சேற்றுத்திட்டின் அருகே படகை நிறுத்தச் சொல்லி, பேசாமல், கையை ஆட்டாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். முதலில் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும் சேற்றில், ஒவ்வொரு வளையாகத் தலைகள் வெளிவரும்.

விரல் நீளத்தில், தவளைக் கண்களோடு துள்ளிப் போவது உளுவை இனத்தைச் சேர்ந்த, சேற்றில் தாவும் மீன். பிள்ளைகள் அதன் துள்ளலில் மயங்குவார்கள். நீங்கள் அதன் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். இருநோக்கியின் வட்டத்துக்குள் ஒரு மீனைக் கொண்டுவந்து, அது அசையாமல் இருக்கும் நேரத்தில் விடாமல் கவனித்தால், தலைக்கு மேல் புடைத்து நிற்கும் கண் சட்டென்று உள்ளே இறங்கி, மறுநொடியே மேலே எழுவது தெரியும். கண்ணுக்குக் கீழே ஈரத்தைத் தேக்கி வைக்கும் ஒரு தோல்குழி இருக்கிறது. கண் அதற்குள் தோய்ந்து நனைந்து எழுகிறது. நீருக்குள் வாழும் மீனுக்குக் கண் காய்ந்துபோகும் தொல்லை இல்லை. வெயிலில் சேற்றில் உலவ வந்த மீனுக்கு அது பெரிய தொல்லை. எந்தெந்த நேரத்தில் எத்தனை முறை கண் இறங்குகிறது என்று ஐந்து நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலில் இருக்கும் மீனையும் நிழலில் இருக்கும் மீனையும் ஒப்பிடுவது நல்ல பயிற்சி.

மூச்சுக்கு அது செவுளறைகளிலும் வாயிலும் ஈரத்தை அடக்கிக்கொண்டு கரையேறுகிறது; ஈரமான தோலும் வாயின் உட்புறமும் நேரடியாகக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கின்றன. தோல் காய்ந்தால் இந்த வழி அடைபடும் என்பதால்தான் சிறு குட்டையைக் கண்டதும் பக்கவாட்டில் புரண்டு உடம்பை நனைத்துக்கொள்கிறது. அந்தப் புரளலை வெறும் விளையாட்டு என்று கடந்துவிடாதீர்கள். நடப்பதற்கு முன்துடுப்புகள் இரண்டையும் ஊன்றுகோல்போல் ஒரே நேரத்தில் முன்னே வைத்து உடம்பை இழுக்கிறது. சேற்றில் அது நகர்ந்த தடத்தைப் பார்த்தால், நடுவில் உடல் இழுபட்ட கோடும் இருபுறமும் துடுப்பு பதிந்த அடையாளமும் இருக்கும். அந்தத் தடத்தை வரைந்துகொண்டால் பிறகு மீன் இல்லாத இடத்திலும் அதன் வரவைப் படிக்க முடியும். இந்த மீன்களில் ஒரு வகை சிறு நண்டுகளையும் பூச்சிகளையும் வேட்டையாடும். நீலப்புள்ளிகள் கொண்ட இன்னொரு வகை, தலையை இடமும் வலமும் அசைத்து அசைத்துச் சேற்றின் மேல் படிந்த பாசியை மேயும். உடலமைப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் இரைதேடும் முறை வேறாக இருப்பதால், தலையசைவைக் கொண்டே இரண்டையும் பிரித்தறியலாம்.

அதே திட்டில், ஒரு கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெருத்து, மற்றொன்று சிறுத்துப் போன குட்டி நண்டுகள் கும்பலாகத் திரியும். பெருங்கொடுக்கு எதற்கு என்று கேட்டால், இரை பிடிக்க என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். விடை சொல்லாமல், எந்தக் கொடுக்கு வாய்க்குப் போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சிறுகொடுக்குதான் சேற்றை அள்ளி அள்ளி வாய்க்குக் கொண்டுபோகும். வாயுறுப்புகள் உணவுத்துகளை வடித்துக்கொண்டு மீதியைச் சிறு உருண்டைகளாகக் கீழே வைக்கும். வளையைச் சுற்றி மணிமணியாக இறைந்து கிடப்பவை அவைதான். பெருங்கொடுக்கு உள்ளது ஆண். பெண்ணுக்கு இரண்டு கொடுக்குகளும் சிறியவை, இரண்டாலும் உண்ணும். ஆகவே ஆணின் பெருங்கொடுக்கு உண்பதில் அதற்கு நட்டத்தையே தருகிறது. அந்த நட்டத்தை ஈடுகட்ட அது கூடுதல் நேரம் மேய வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும் அந்தக் கொடுக்கை அது சுமப்பது, மேலும் கீழும் அசைத்துப் பெண்ணை அழைக்கவும் பிற ஆண்களோடு மல்லுக்கட்டவும்தான். உடலில் உள்ள எல்லாமே உயிர் பிழைக்க மட்டும் அல்ல, இணை தேடவும் உறுப்புகள் உருவாகின்றன என்ற பாடத்தை இதைவிட நேரடியாகக் கற்பிக்கும் உயிரை நான் கண்டதில்லை. இந்த ஒன்றுக்காகவே ஒரு முழு மணி நேரத்தை ஒதுக்கினாலும் தகும்.

பறவைகள்

வலசைப் பறவைகள் வரும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் போனால் அலகுகளை ஒப்பிடலாம். சேற்றின் மேல்தோலைக் கொத்தும் குட்டை அலகு உள்ளான், ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வளைந்த அலகை வளைக்குள் செலுத்தித் துழாவும் கோட்டான் (ஆந்தை அல்ல, இதுவும் ஒரு கரையோரப் பறவை) ஆகிய இரண்டையும் ஒரே திட்டில் பார்த்தால், ஒரே சேற்றில் அவை வேறு வேறு ஆழத்தில் இரையெடுக்கின்றன என்பது விளங்கும். உள்ளான் இனத்தின் அலகு நுனியில் தொடுவுணர்வு மிகுந்த நுண்குழிகள் இருப்பதால் கண்ணால் காணாத புழுவையும் அவை உணர்ந்து எடுக்கின்றன. கரையோரத்தில் மடையான் ஒன்று நின்றால் அதை உடனே சுட்டிக்காட்டாமல், எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைத் தேட விடுங்கள். பழுப்புக் கீற்றுகள் கொண்ட முதுகு சேற்றோடு கலந்திருக்கும். அது பறந்த நொடியில் வெள்ளைச் சிறகுகள் பளிச்சென்று விரியும்போது எழும் கூச்சலே பாடம் மனத்தில் பதிந்துவிட்டதைச் சொல்லிவிடும்.

எளிதான கதைகளை நம்பும் முன்

நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் காய்வதைப் பார்த்தவுடன், அதற்கு எண்ணெய்ச் சுரப்பி இல்லை, அதனால்தான் நனைந்துபோகிறது என்று சொல்வது நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கிறது. அதற்கு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. இறகுகளின் வெளிப்பகுதி நீரை ஏற்கும் வகையில் அமைந்திருப்பதால் உடலின் மிதவை குறைந்து, ஆழத்தில் மீனைத் துரத்துவது எளிதாகிறது. மேலே வந்த பிறகு காய வைக்க வேண்டியிருப்பது அதற்கான விலை. அதுபோலவே, அலையாத்தி மரங்கள் முதிர்ந்த மஞ்சள் இலையில் உப்பையெல்லாம் சேர்த்து உதிர்த்துவிடுகின்றன என்று படகுப் பயணங்களில் சொல்லப்படுவதைக் கேட்பீர்கள். அதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மஞ்சள் இலையைக் காட்டி முடிவாகச் சொல்லாமல், ஒரு கேள்வியாக நோட்டில் எழுதிவையுங்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். “மூச்சு விடுவதற்காக மரம் வேரை மேலே அனுப்பியது” என்று எழுதினால், மரம் யோசித்து முடிவெடுத்ததுபோல் ஆகிவிடும். எண்ணற்ற தலைமுறைகளில் வேர் சற்றே மேலெழுந்த மரங்கள் கூடுதலாகப் பிழைத்து, கூடுதலாக விதை விட்டதால் அந்த அமைப்பு இன்று நிலைபெற்றிருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு வரி கூடுதலாகத் தேவைப்படும். அந்த ஒரு வரியை எழுதச் சோம்பக் கூடாது.

குறிப்பை இப்படி எழுதிப் பழகலாம்: “வற்றம் தொடங்கி ஒரு மணி நேரம். வெண்கண்டல், கரையிலிருந்து மூன்றாவது மரம். தொல்லை: உப்பு. உறுப்பு: இலையின் மேற்பரப்புச் சுரப்பி. பார்த்தது: துடைத்த இலையில் நடுநரம்பை ஒட்டி மீண்டும் பொடிப் படிகம். ஐயம்: நிழலில் இருக்கும் இலையில் ஏன் குறைவாகத் தெரிகிறது?” பார்த்ததும் நினைத்ததும் கலக்காமல் தனித்தனியாக நிற்க வேண்டும், கடைசி வரி எப்போதும் கேள்வியாக இருக்க வேண்டும் என்ற இரண்டு விதிகள் போதும்.

பிச்சாவரம் போக முடியாதவர்களுக்கு

தெருவோரத்து எருக்கஞ்செடி போதும். வறட்சி, வெயில், மேயும் ஆடு மாடுகள் என்று தொல்லைகளை முதலில் எழுதுங்கள். பிறகு இலையின் மேல் படிந்திருக்கும் வெண்பூச்சையும், தடிப்பையும், கிள்ளினால் வடியும் பாலையும் பாருங்கள். பால் கண்ணில் படாமல் கவனமாக இருங்கள், பிள்ளைகளைக் கிள்ள விடாதீர்கள். ஆடே ஒதுக்கும் அந்த இலையில், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு ஒரு புழு நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தால், அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. செடியின் நஞ்சைத் தன் உடலிலேயே சேர்த்துக்கொண்டு, பறவைகளுக்குத் தானும் கசப்பாகிவிடும் உயிர் அது. செடியின் கேடயமே புழுவின் கேடயமாகிறது. மறைந்து வாழாமல் பளிச்சென்ற வரிகளோடு அது வெளிப்படையாக இருப்பதன் காரணத்தை மாணவர்களிடமே கேளுங்கள்.

இரண்டாவது முறை போகும்போது

தகவமைப்புக்கு எல்லை உண்டு என்பதை ஒரே பயணத்தில் காட்ட முடியாது. பிச்சாவரத்தின் வரலாறு அதைக் காட்டும். முற்காலத்தில் இந்தக் காட்டில் மரங்களை மொத்தமாக வெட்டியெடுக்கும் முறை நடைமுறையில் இருந்தது. வெட்டிய இடங்களில் மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்து தொட்டிபோல் குழிந்தது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கி ஆவியாகி, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. உப்பைக் கக்கத் தெரிந்த வெண்கண்டலாலும் அந்த அளவைத் தாங்க முடியவில்லை. சாறு நிறைந்த தடித்த இலைகளைக் கொண்ட உமரி போன்ற செடிகளே அங்கே நின்றன. பின்னர் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் கிளை வாய்க்கால்களை வெட்டி ஓதநீர் வந்து திரும்ப வழி செய்தபோது மரங்கள் மீண்டும் பிடித்தன. படகோட்டியிடம் கேட்டால் அத்தகைய வாய்க்கால்கள் இருக்கும் பகுதியைக் காட்டுவார்.

அடுத்த பயணத்தை வேறொரு பருவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணம் மார்கழியில் என்றால் இரண்டாவது சித்திரையில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையை அடுத்து ஆற்றுநீர் கலந்து உப்பு குறைந்திருக்கும் நாட்களிலும், கோடையில் கழி கடலைப்போல் உப்பேறியிருக்கும் நாட்களிலும், அதே மரத்தில், அதே உயரத்தில், அதே மாதிரியான ஓர் இலையைத் துடைத்து, திரும்பி வந்து, லென்ஸால் பார்த்து, இரண்டு குறிப்புகளையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதுங்கள்.